இ-கோர்ட்ஸ் செயலி: மாநகராட்சி சட்டப் பிரிவுக்கு எதுவரை உதவும்?

மாநகராட்சி சட்டப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர் தன் வழக்கறிஞர்களிடம் கேட்க வேண்டியது பெரும்பாலும் மூன்றே கேள்விதான். வக்காலத்து (நமக்காக ஆஜராகும் அதிகாரப் பத்திரம்) போட்டாச்சா? எதிருரை (வழக்குக்கு நம் எழுத்துப் பதில்) தாக்கல் ஆச்சா? அடுத்த வாய்தா என்றைக்கு? கேட்கும் நேரத்தில் ஸ்டாண்டிங் கவுன்சில் (மாநகராட்சி நியமித்த வழக்கறிஞர்) கோர்ட்டில் இருப்பார், போனை எடுக்கும் குமாஸ்தா "பார்த்துச் சொல்றேன் சார்" என்பார். யாரையும் கேட்காமலே இந்த மூன்றுக்கும் ஓரளவு பதில் சொல்லிவிடுகிறது இ-கோர்ட்ஸ் சர்வீசஸ் செயலி. நீதிமன்றங்களைக் கணினிமயமாக்கும் உச்ச நீதிமன்றத்தின் இ-குழுத் திட்டத்தில் தேசியத் தகவலியல் மையம் உருவாக்கியது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் இலவசம்.

கட்சிக்காரரையும் வக்கீலையும் மனதில் வைத்துச் செய்யப்பட்ட செயலி இது. ஏகப்பட்ட தாவாக்களில் பிரதிவாதியாக நிற்கும் ஓர் உள்ளாட்சி அலுவலகம் தன் வழக்கறிஞர்களை மேற்பார்வை செய்ய இதை நம்பலாமா? தேதிகளுக்கு நம்பலாம். வழக்கறிஞர் என்ன செய்தார் என்பதற்குப் பாதிதான் நம்பலாம். கெடு கணக்கிட நம்பவே கூடாது. செயலி வந்துவிட்டது என்று வழக்குப் பதிவேட்டை மூடி வைக்கும் அலுவலகம், கடைசியில் கோர்ட் உத்தரவை நிறைவேற்ற வரும் அமீனா வாசலில் நிற்கும்போதுதான் விழிக்கும்.

முதல் வேலை சி.என்.ஆர். எண். ஒவ்வொரு வழக்குக்கும் 16 இடம் கொண்ட தனி எண் உண்டு: மாநிலத்துக்கு இரண்டு எழுத்து, மாவட்டத்துக்கு இரண்டு எழுத்து, நீதிமன்றத்துக்கு இரண்டு இலக்கம், வரிசை எண் ஆறு இலக்கம், ஆண்டு நான்கு இலக்கம். பதிவேட்டில் ஓ.எஸ். (அசல் வழக்கு) எண்ணுக்குப் பக்கத்தில் இதற்கென ஒரு கட்டம் போட்டு, நிலுவையில் உள்ள எல்லா வழக்குக்கும் எழுதிவிடுங்கள். எண் தெரியாவிட்டால் நீதிமன்ற வளாகம், வழக்கு வகை, எண், ஆண்டு கொடுத்துத் தேடினால் வந்துவிடும். தேடும்போது வளாகத்தைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது முக்கியம். ஒரே ஓ.எஸ். எண் முன்சீப் கோர்ட்டிலும் இருக்கும், சார்பு நீதிமன்றத்திலும் இருக்கும். வாதி பெயரைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்த பிறகே 'எனது வழக்குகள்' பட்டியலில் சேர்க்க வேண்டும். இந்தச் சரிபார்ப்பைச் சோம்பி விட்டால் வேறு யாருடைய பாகப்பிரிவினைத் தாவாவையோ மாதக்கணக்கில் கண்காணித்துக்கொண்டிருப்போம்.

'எனது வழக்குகள்' பட்டியலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அது போனுக்குள்தான் இருக்கிறது, எந்தச் சர்வரிலும் இல்லை. பட்டியலைத் தன் சொந்த போனில் வைத்திருந்த உதவியாளர் மாற்றலாகிப் போனால் பட்டியலும் அவரோடு போய்விடும். செயலியை நீக்கினாலும் போச்சு. அலுவலகத்துக்கென ஒரு போனோ டேப்லெட்டோ ஒதுக்கி அதில் மட்டும் ஏற்றுவதே சரி. பட்டியலைக் கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதி செயலியிலேயே உண்டு. வாரம் ஒருமுறை அதை எடுத்து அலுவலகக் கணினியில் வைத்தால், புதுக் கருவியில் இறக்குமதி செய்துகொள்ளலாம். பல பேர் ஒரே பட்டியலைப் பார்க்கும் வசதி கிடையாது. ஓர் அலுவலகம் பயன்படுத்துவதற்கு இது பெரிய குறைதான்.

இனி, வழக்கின் பக்கத்தைத் திறந்தால் எதைப் பார்க்க வேண்டும்? பெரும்பாலோர் அடுத்த தேதியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். மேற்பார்வைக்கு உபயோகமான செய்தி அதற்குக் கீழே இருக்கிறது.

பிரதிவாதி பெயர் இருக்கும் இடத்தில் அவருடைய வழக்கறிஞர் பெயரும் வர வேண்டும். ஆணையர் பெயருக்குக் கீழே வழக்கறிஞர் பெயர் இல்லாமல் வெறுமையாக இருந்தால் இரண்டில் ஒன்று: வக்காலத்து தாக்கல் ஆகவில்லை, அல்லது தாக்கலாகியும் கோர்ட் அலுவலகம் கணினியில் ஏற்றவில்லை. எதுவாக இருந்தாலும் அன்றைக்கே வழக்கறிஞரிடம் கேட்க வேண்டிய விஷயம். முதல் வாய்தா கடந்த பிறகும் வெறுமையாக இருந்தால் எழுத்தில் கேளுங்கள். பழைய ஸ்டாண்டிங் கவுன்சிலின் பெயரே தொடர்ந்து தெரிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கவுன்சில் மாறும்போது கேஸ் கட்டு கை மாறியிருக்கும், புது வக்காலத்து மட்டும் போடாமல் விட்டிருப்பார்கள். கட்டு ஒருவரிடம், கோர்ட் பதிவில் பெயர் இன்னொருவருடையது, வாய்தாவுக்குப் போவது யாருமில்லை என்று ஆகிவிடும்.

அடுத்து வழக்கு வரலாற்று அட்டவணை. நீதிபதி, நடவடிக்கை நடந்த தேதி, அடுத்த விசாரணைத் தேதி, எதற்காகப் போடப்பட்டிருக்கிறது என்று நான்கு கட்டம் இருக்கும். நடவடிக்கைத் தேதியைத் தொட்டால் அன்றைய குறிப்பு திறக்கும். ஆங்கிலத்தில் ஒரே வரி. 'எதிருரைக்கு', 'இறுதி வாய்ப்பு', 'இரண்டாம் பிரதிவாதி எக்ஸ்பார்ட்டி' (ஆஜராகாததால் அவர் இல்லாமலே வழக்கு நடக்கும்) என்பதெல்லாம் அந்த ஒரு வரியில்தான் இருக்கும். 'எதிருரைக்கு' என்பதே நான்கைந்து வாய்தாவாகத் திரும்பத் திரும்ப வந்தால், பெரும்பாலும் வழக்கறிஞர்மேல் குற்றம் இருக்காது. வழக்குரையின் ஒவ்வொரு பத்திக்கும் துறை தர வேண்டிய பத்திவாரிக் குறிப்புரை பொறியியல் பிரிவிலோ வருவாய்ப் பிரிவிலோ தூங்கிக்கொண்டிருக்கும். அந்த அட்டவணையை அப்படியே படமெடுத்து சம்பந்தப்பட்ட செயற்பொறியாளருக்கு அனுப்பினால், நினைவூட்டல் கடிதத்தைவிடச் சீக்கிரம் வேலை நடக்கிறது.

'எக்ஸ்பார்ட்டி' என்று கண்ணில் பட்டால் பதறுவதற்கு முன் எந்தக் கட்டம் என்று பாருங்கள். அடுத்த வாய்தா 'எக்ஸ்பார்ட்டி சாட்சியத்துக்கு' என்று இருந்தால் டிக்ரி (தீர்ப்பாணை) இன்னும் ஆகவில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 9 விதி 7-இல் மனுப் போட்டு, வராததற்குத் தக்க காரணம் காட்டி, எதிருரையையும் கையோடு கொண்டுபோனால் மீள வழி இருக்கிறது. டிக்ரி ஆகிவிட்டால் விதி 13-க்குப் போக வேண்டும். அதற்கு டிக்ரி தேதியிலிருந்து 30 நாள்தான் கெடு. சம்மன் முறையாகச் சார்வாகாதிருந்தால் (நம்மிடம் சேராதிருந்தால்) மட்டும் டிக்ரி தெரியவந்த நாளிலிருந்து எண்ணலாம். இந்த இரண்டு நிலைக்கும் நடுவே சில சமயம் ஒரே ஒரு வாய்தாதான் இடைவெளி. செயலி காசு மிச்சம் பிடித்துக் கொடுக்கும் இடம் ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவதாக ஐ.ஏ. (வழக்கின் நடுவே போடும் இடைக்கால மனு) நிலை. ஆக்கிரமிப்பு அகற்றம், கடை ஏலம், குத்தகைப் புதுப்பிப்பு என்று மாநகராட்சிக்கு எதிராக வரும் தாவாக்களில் பாதிச் சண்டை இடைக்காலத் தடையில்தான். மறுதரப்பைக் கேட்காமல் தடை கொடுத்திருந்தால் அந்த மனுவை 30 நாளுக்குள் முடிக்க நீதிமன்றம் முயல வேண்டும் என்று கட்டளை 39 விதி 3-ஏ சொல்கிறது. நடப்பில் தடை வாய்தாவுக்கு வாய்தா நீட்டிக்கப்படும். அது நீட்டிக்கப்பட்டதா என்பதை அன்றன்றைய குறிப்பில் பார்க்க வேண்டும். 'கோர்ட் ஸ்டே இருக்கு' என்று மண்டல அலுவலகம் வருஷக்கணக்கில் கை கட்டி நிற்கும் இடங்களில், நீட்டிப்பே இல்லாமல் தடை எப்போதோ விழுந்துபோயிருப்பது உண்டு. அதற்காகக் குறிப்பில் நீட்டிப்பு இல்லை என்று பார்த்ததும் பொக்லைனை அனுப்பிவிடாதீர்கள். குறிப்பு எழுதும் பெஞ்ச் கிளார்க் நீட்டிப்பை ஏற்ற மறந்திருக்கலாம். வழக்கறிஞர் மூலமாக ஆணையின் நகலைப் பார்த்து, அவரிடம் எழுத்தில் கருத்து வாங்கிய பிறகே களத்தில் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் தடையை மீறியதாகப் போடும் விதி 2-ஏ மனுவில் உதவி ஆணையர் பெயர் வரும்.

புதுத் தாவாவை சம்மன் வருவதற்கு முன்பே பிடிக்க முடியுமா? ஓரளவு முடியும். கட்சிக்காரர் பெயர்த் தேடலில் குறைந்தது மூன்று எழுத்தும் ஆண்டும் கொடுக்க வேண்டும். இதில்தான் தொல்லை. கோர்ட்டில் பெயர் ஏற்றும் விதத்துக்கு ஒழுங்கு கிடையாது. 'கமிஷனர்' என்று ஒரு தாவா, 'கார்ப்பரேஷன்' என்று இன்னொன்று, 'முனிசிபல்' என்று வேறொன்று, 'உதவிப் பொறியாளர்' என்று மற்றொன்று. எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில், இடைவெளி வித்தியாசங்களோடு, ஒவ்வொரு வளாகமாகத் தேட வேண்டும். முடிவுப் பட்டியலில் இரு தரப்பிலும் முதல் பெயர்தான் தெரியும் என்பதால், மாவட்ட ஆட்சியரை முதல் பிரதிவாதியாகவும் மாநகராட்சியை மூன்றாம் பிரதிவாதியாகவும் போட்ட தாவாவைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். அலுப்பான வேலை. ஆனாலும் வாரம் ஒரு நாள் ஒருவரை உட்கார வைத்தால் பலன் உண்டு. கேவியட் (நம்மைக் கேட்காமல் ஆணை போடக் கூடாது என்று முன்கூட்டியே கொடுக்கும் மனு) தேடலும் செயலியில் இருக்கிறது. நாம் போட்ட கேவியட் 90 நாளில் காலாவதியாகும். ஏலமோ இடிப்போ தள்ளிப்போனால் கேவியட்டைப் புதுப்பிக்க வேண்டும். இதைச் செயலி நினைவூட்டாது, நாள்காட்டியில் நாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

வழக்கறிஞர் பெயர்த் தேடலை மேற்பார்வையாளர்கள் ஏனோ கண்டுகொள்வதில்லை. பதிவு எண் கொடுத்தால் அவர் பெயரில் ஏறியுள்ள வழக்குகள் வரும். ஒரு தேதிக்கு மட்டும் அவருடைய பட்டியலையும் எடுக்கலாம். ஒரே நாளில் ஒரே ஸ்டாண்டிங் கவுன்சிலுக்கு மூன்று கோர்ட்டில் சாட்சி விசாரணை விழுந்திருப்பது முந்தின வாரமே தெரிந்தால், ஒன்றை வேறொருவருக்கு மாற்றலாம் அல்லது முன்கூட்டியே மெமோ போடலாம். அன்று காலையில் தெரிந்தால் 'சாட்சியம் முடிக்கப்பட்டது' என்று கோர்ட் எழுதிவிடும். அவருடைய சொந்தக் கட்சிக்காரர்களின் வழக்குகளும் இந்தப் பட்டியலில் தெரியும். அதில் மூக்கை நுழைப்பது மேற்பார்வையாளர் வேலையில் சேராது.

கட்டண பில் சரிபார்க்க இதைவிட எளிய கருவி இல்லை. பில்லில் உள்ள ஆஜர் தேதிகளை வரலாற்று அட்டவணையோடு ஒத்துப் பார்த்தால் போதும். நீதிபதி விடுப்பில் இருந்து மொத்தமாகத் தள்ளிவைத்த நாளுக்கு ஆஜர் கட்டணம் கேட்டிருந்தால் கண்டுபிடித்துவிடலாம். அதே சமயம் அட்டவணையில் இல்லாத தேதி என்பதற்காகப் பில்லை உடனே வெட்டுவது அநியாயம். ஐ.ஏ.வுக்கு மட்டும் தனியாகப் போடப்பட்ட வாய்தா ஐ.ஏ. பகுதியில்தான் இருக்கும். கோர்ட் நியமித்த அட்வகேட் கமிஷனர் இடத்தைப் பார்வையிட வந்த நாளில் நம் வழக்கறிஞர் கூட நின்றதும் எந்த அட்டவணையிலும் வராது.

இப்போது செயலி கைவிடும் இடம். எதிருரைக்கான கெடு சம்மன் சார்வான நாளிலிருந்து ஓடுகிறது. அந்த நாளைச் செயலி நம்பும்படி காட்டுவதில்லை. சாதாரணத் தாவாவில் 30 நாள், நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாள். அதற்கு மேலும் தக்க காரணத்துக்காக ஏற்கலாம் என்று சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதால், இந்தக் கெடுவை யாரும் அவ்வளவாக மதிப்பதில்லை. அந்தப் பழக்கத்தோடு வணிக நீதிமன்றத் தாவாவுக்குள் போனால் கதை முடிந்தது. சாலை, கால்வாய், கட்டட ஒப்பந்தக்காரர் பில் பாக்கிக்காகப் போடும் வழக்கு 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாத மதிப்புடையதாக இருந்தால் 2015-ஆம் ஆண்டு வணிக நீதிமன்றங்கள் சட்டத்துக்குள் வரும். அங்கே 120 நாள் கடந்தால் எதிருரை தாக்கல் செய்யும் உரிமையே போய்விடும். 2019-இல் எஸ்.சி.ஜி. கான்ட்ராக்ட்ஸ் வழக்கில் இது உறுதியாகிவிட்டது. மண்டல அலுவலகத் தபாலில் வாங்கிய சம்மன் மூன்று வாரம் கழித்துச் சட்டப் பிரிவுக்கு வருவது நம் அலுவலகங்களில் புதிதில்லை. எனவே சம்மனின் மேலே தபால் பிரிவு குத்தும் முத்திரைத் தேதியைப் பதிவேட்டில் தனிக் கட்டமாக எழுதி, அதிலிருந்தே எண்ண வேண்டும். செயலியில் தெரியும் 'முதல் விசாரணைத் தேதி'யை வைத்து எண்ணுவது தவறு.

தீர்ப்பு பாதகமாகிவிட்டாலும் இதே நிலைதான். தீர்ப்பு ஏற்றப்பட்டிருந்தால் பி.டி.எஃப். ஆக இறக்கிப் படிக்கலாம், அப்பீல் போவதா என்று அன்றைக்கே கோப்பு எழுதத் தொடங்கலாம். இது நிஜமான வசதி. ஆனால் அந்தப் பி.டி.எஃப். சான்றிட்ட நகல் ஆகாது. மாவட்ட அளவில் அப்பீலுக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். நகல் பெற ஆகும் காலத்தை வரம்புச் சட்டம் 12-ஆம் பிரிவு கழித்துக் கொடுக்கிறது. நகல் மனுப் போட்டால்தான் அந்தக் கழிவு. சான்றிட்ட நகலின் கடைசிப் பக்கத்தில் வரிசையாகத் தேதிகள் இருக்கும்: மனு கொடுத்தது, முத்திரைத்தாள் கேட்டது, கட்டியது, நகல் தயாரானது, கொடுத்தது. கேட்ட பிறகு கட்டாமல் தாமதித்த நாளும், தயாரான பிறகு வாங்காமல் விட்ட நாளும் நம் கணக்கில்தான் விழும். குமாஸ்தாவிடம் இருக்கும் நகல் மனு எண்ணை வாங்கிப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். அப்பீல் தாமதத்தில் கணிசமான பகுதி இந்த ஒரு பக்கத்தில்தான் உற்பத்தியாகிறது. மத்தியஸ்த (ஆர்பிட்ரேஷன்) தீர்ப்பை எதிர்ப்பதென்றால் இன்னும் கறார். அந்தச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி மூன்று மாதம், மேலும் 30 நாள். அதன் பிறகு எந்த நீதிமன்றமும் கதவைத் திறக்காது.

'அரசு அலுவலகம், கோப்பு நகரத் தாமதமாகும்' என்ற சாக்கு எடுபட்ட காலம் போய்விட்டது. 2012-இல் லிவிங் மீடியா வழக்கில் அஞ்சல் துறையின் 427 நாள் தாமதத்தை மன்னிக்க மறுத்த உச்ச நீதிமன்றம், நவீனத் தொழில்நுட்பம் கையில் இருக்கும்போது அரசுத் துறைக்கு மட்டும் தனிச் சலுகை எதற்கு என்ற கருத்தில் எழுதியது. 2020-இல் பேருலால் வழக்கில் 663 நாள் தாமதத்துக்கு மத்தியப் பிரதேச அரசுக்கு 25,000 ரூபாய் செலவுத்தொகை விதித்து, அதைப் பொறுப்பான அதிகாரிகளிடமே வசூலிக்கச் சொன்னது. தேதி தெரியவில்லை என்று இனி மனுவில் எழுதினால், அது எல்லார் போனிலும் இருக்கிறதே என்று நீதிபதி கேட்பார்.

மற்ற குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அடுத்த தேதி என்ற இடத்தில் கடந்துபோன தேதியே நின்றால் வழக்கு தூங்குகிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கணினியில் ஏற்றவில்லை என்று அர்த்தம். குமாஸ்தாவை அனுப்பி கோர்ட் டைரியைப் பார்க்க வேண்டும். வேறு நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்ட தாவா பழைய எண்ணில் 'பைசல்' என்று தெரியலாம். முடிந்துவிட்டதாக நினைத்துப் பதிவேட்டில் சிவப்பு மையில் அடித்துவிடாமல், எப்படிப் பைசலானது என்ற வரியைப் படியுங்கள். காலை பத்தரை மணிக்குச் செயலி திணறும். வார இறுதியில் அடுத்த வாரப் பட்டியலைப் புதுப்பித்து அச்செடுத்துவிட்டால் அந்தத் தலைவலி இல்லை. இணையம் இல்லாத இடத்தில் 9766899899 என்ற எண்ணுக்கு, 'இகோர்ட்ஸ்' என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்தில் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு சி.என்.ஆர். எண்ணை எஸ்.எம்.எஸ். செய்தால் வழக்கின் நிலை வரும்.

தானாக வரும் குறுஞ்செய்தியும் உண்டு. ஆனால் அது கோர்ட் பதிவில் ஏறியுள்ள கைபேசி எண்ணுக்குத்தான் போகும், அந்த எண் பெரும்பாலும் வழக்கறிஞருடையது. வக்காலத்து, எதிருரை, மின்-தாக்கல் எல்லாவற்றிலும் கட்சிக்காரர் எண்ணாகச் சட்டப் பிரிவின் அலுவல் எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுக்க வேண்டும் என்று ஸ்டாண்டிங் கவுன்சில் நியமன ஆணையிலேயே ஒரு நிபந்தனையாகச் சேர்த்துவிடுங்கள். ஆணையரின் சொந்த எண்ணைக் கொடுத்தால் அவர் மாற்றலான மறுநாள் செய்தி வேறு ஊருக்குப் போகும்.

பணம் கொடுத்து வாங்கும் வழக்கு மேலாண்மைச் செயலிகள் சந்தையில் இருக்கின்றன. பல பயனர், கெடு நினைவூட்டல், கோப்பு இணைப்பு எல்லாம் அவற்றில் உண்டு. தேதி விவரத்தை அவையும் இதே நீதிமன்றத் தளத்திலிருந்துதான் எடுக்கின்றன. எனவே மூலத்தில் ஏறாத தேதி அங்கேயும் ஏறாது. சில நூறு வழக்குக்குள் இருக்கும் நகராட்சிக்கு இந்த இலவசச் செயலியும், சம்மன் தேதி, குறிப்புரை கேட்ட தேதி, வந்த தேதி, எதிருரைக் கெடு, நகல் மனு எண் என்ற ஐந்து கட்டம் கூடுதலாகப் போட்ட ஒரு எக்செல் தாளும் போதும். பெரிய மாநகராட்சி என்றால் வேறு வழி தேட வேண்டும். அரசுத் துறைகளும் நிறுவன வழக்காடிகளும் தங்கள் சொந்த மென்பொருளுக்குள் வழக்கு விவரத்தை நேரடியாக இழுத்துக்கொள்ள இ-குழு ஏ.பி.ஐ. வசதி வைத்திருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கும்போது முதலில் கையில் இருக்க வேண்டியது பிழையில்லாத சி.என்.ஆர். பட்டியல். அந்தக் கட்டத்தை நிரப்பும் வேலையை இன்றைக்கே ஆரம்பிக்கலாம், அதற்கு யாருடைய ஒப்புதலும் தேவையில்லை.